பழைய வெட்டு மெசினும் பூட்டுப் போட்ட மென்பொருளும்



கோடையில கூட்டங்களுக்கு வரேல்லை என்று என்னை ஏசினவர்களுக்கு இது விளக்கக் கடிதமும்கூட. இரண்டு கோடைகளாகத் தென்மேற்கு ஒன்டாரியோவில் ஒரு தானியப் பண்ணையில வேலை செய்தனான்.

அங்கே 1980களில் செய்த ஒரு வெட்டு மெசின் இருக்கு. இங்கே கம்பைன் என்பினம். என்னைவிட அதுக்கு வயது கூட. விடியக் கிரீஸ் அடிக்க வேணும், பெல்ட்டுகளை அழுத்திப் பார்க்க வேணும், என்ஜினைச் சுத்தி அடைஞ்சிருக்கிற பதரைக் காற்றடிச்சு எடுக்க வேணும், விட்டால் தீப்பிடிக்கும். மெசினை நிற்பாட்டின உடனே பெயரிங்குகளுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் எது சுடுது என்று தெரியும். சுடுறதை அன்றைக்கே மாத்திப் போடுவம். குளிர்காலத்தில எலி கடிச்ச வயரையும் நாங்களே ஒட்டினனாங்கள். பழுது எங்கே எண்டு கண்ணுக்கும் கைக்கும் தெரியும்.

ஜூலையில, கோதுமை வெட்டுற நேரம், பக்கத்துப் பண்ணையின் புது மெசின் நடு வயலில நின்றது. திரையில ஒரு எண் மட்டும். புகைக்குழாயில ஒரு சென்சர் போயிட்டுதாம். சென்சரைக் கழட்டி மாத்த அரை மணித்தியாலம் போதும். ஆனால் மாத்தினதை மெசின் ஏற்றுக்கொள்ள, விற்பனை நிலையத்தின் ஆள் தன் மடிக்கணினியோட வர வேணும். இரண்டு நாள் காத்திருந்தவை. மூன்றாம் நாள் மழை. முற்றின கோதுமை நனைஞ்சால் கதிரிலேயே முளைவிடும். மாவுக்குப் போக வேண்டியது தீவன விலைக்குப் போகும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023 இல் சட்டம் கொண்டுவந்தது: பண்ணை இயந்திரம் செய்கிற நிறுவனங்கள் உதிரிப்பாகம், கையேடு, மென்பொருள் எல்லாவற்றையும் விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின் மீது இதே விடயத்தில் வழக்குத் தொடுத்தது. கனடாவில் 2024 நவம்பரில் சி-244 சட்டமானது. திருத்துவதற்காக மென்பொருள் பூட்டை உடைத்தால் இனிப் பதிப்புரிமை மீறல் இல்லை. நல்லது. ஆனால் அந்தப் பூட்டை உடைக்கிற கருவியைச் செய்து விற்கிறதுக்கு இன்னும் தடை. கதவைத் திறக்கலாம், சாவி வெட்டுறவன் குற்றவாளி! விவசாயி தானே குந்தியிருந்து நிரல் எழுத வேணுமாக்கும்.

"ஆயிரம் ஏக்கர் வைச்சிருக்கிறவன் பாட்டாளியோ?" என்று ஒரு தோழர் கேட்டவர். இல்லை. ஜமேய்க்காவிலயும் மெக்சிகோவிலயும் இருந்து பருவகால வேலைக்கு வாற ஆட்களை நடத்துற விதத்தில அவர்களோட எங்களுக்குப் பெரிய சண்டையே இருக்கு, அதை விடப்போறதில்லை. ஆனால் இந்தப் பூட்டு பண்ணைக்காரனை மட்டும் மறிக்கேல்லை. கிராமத்துக் கராஜில வேலை செய்யிற மெக்கானிக்கின்ர தொழிலையும் அதுதான் பறிக்குது.

பிரான்ட்ஃபோர்ட்டில் மாஸி கம்பைன் செய்த ஆலை 1988 இல் வங்குரோத்தாகி மூடப்பட்டது. தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்கள் கையால் செய்த மெசின்களில் சில இன்றும் வயலில ஓடுது. பாகத்தைக் கடைஞ்சு எடுக்கலாம், பழைய மெசின்களைக் கழட்டி விற்கிற யார்டுகளில தேடலாம். இன்றைக்கு விற்கிற மெசினின் கம்பனி இழுத்து மூடினால் கடவுச்சொல்லை யாரிடம் கேட்கிறது?

பொருளாதாரத் தடைக் காலத்தில அப்பா மண்ணெண்ணையில மோட்டார் சைக்கிள் ஓடினவர். இந்தக் கதையைச் சொன்னபோது பண்ணையில ஒருத்தரும் நம்பேல்லை. எங்கட வீடுகளில இப்படி எத்தனை கதை!

ஸ்கார்பரோவில வயல் இல்லை, கராஜ் இருக்கு. எங்கட ஆட்கள் எத்தனை பேர் கார் திருத்துகினம்? அவர்களுக்கும் இதே பூட்டு, இதே சட்டம். கருவிகளுக்கும் விலக்கு கேட்டு எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் வரைஞ்சு வைச்சிருக்கிறன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு மெக்கானிக்கையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. கடிதத்தைத் திருத்த வேண்டியது அவர்கள்தான்.