அப்பா அம்மாவோட காப்பீட்டு அட்டை: பணம் அரசோடது, கண்காணிக்கிறது யாரு?

நெய்வேலியில வேலை பார்க்கிற எல்லாருக்கும் மருத்துவச் செலவு ஒரே மாதிரி இல்ல நண்பர்களே. என்எல்சி நிரந்தர ஊழியர்னா டவுன்ஷிப்லயே கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கு. தனியார் சம்பளம்னா இஎஸ்ஐ, அதுவும் மாசம் 21,000 தாண்டினா கிடையாது. அதனால பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இருக்கிற அப்பா அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குன்னு நிம்மதியா இருக்கோம்.

அந்த 5 லட்சம் எந்த வழியா வருதுன்னு பாருங்க. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா தொடங்கினப்போ ஸ்டார் ஹெல்த்ங்கிற தனியார் கம்பெனி. 2012-ல முதலமைச்சர் திட்டமா மாறினதும் பொதுத்துறையான யுனைடெட் இந்தியா வந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவுல கிளெய்ம் வேலை பார்க்கிற டிபிஏ-க்கள் தனியார். ஆஸ்பத்திரிகள்லயும் நிறைய தனியார். பிரீமியம் மட்டும் நம்ம வரிப்பணம்.

சிஏஜி 2023-ல ஆயுஷ்மான் பாரத் பத்தி ஒரு அறிக்கை வெச்சுது. நம்ம மாநிலத் திட்டம் 2018-லேயே அதோட இணைஞ்சது. 7 ஆதார் நம்பர்ல 4,761 பதிவு, அதுவும் தமிழ்நாட்டுல! தகுதி இல்லாத 1 லட்சத்துக்கு மேற்பட்ட பென்ஷன்தாரர்கள் பட்டியல்ல இருந்து, அவங்களுக்காக சுமார் 22 கோடி ரூபாய் பிரீமியம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கு. பட்டியலைச் சுத்தம் பண்ண வேண்டியது அரசு. பேர் கூடினா பிரீமியம் கூடுது, அப்புறம் கம்பெனி ஏன் "இவரை எடுங்க"ன்னு சொல்லப் போகுது?

தனியாரை விரட்டணும்னு நான் சொல்லல. எந்த டிபிஏ எத்தனை கிளெய்ம நிராகரிச்சது, அனுமதி தர எத்தனை மணி நேரம் எடுத்தது, எந்த ஆஸ்பத்திரி மேல எத்தனை புகார்னு மாவட்டவாரியா மாசாமாசம் வெளியிடணும். ம்யூச்சுவல் ஃபண்டே எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை வெளியில சொல்லுது. உயிர் சம்பந்தப்பட்ட திட்டத்துக்கு அதைவிடக் கம்மியாவா கேட்கிறது?

இதுல நமக்கும் ஒரு சிக்கல் இருக்கு. வருமான வரம்பு குடும்பத்துக்கு வருஷம் 1,20,000. உங்க பேரும் அதே ரேஷன் கார்டுல இருந்து, மாசம் 25,000 சம்பளம் வாங்கினா கணக்குப்படி குடும்பம் வரம்பைத் தாண்டிடுச்சு. பீரோவுல அட்டை பத்திரமாத்தான் இருக்கும். கண்காணிப்பு ஒழுங்கா நடக்கிற அன்னிக்கு முதல்ல போற பேர்ல உங்க வீடும் இருக்கலாம். அதனால பெத்தவங்களுக்குத் தனி பாலிசியை 60 வயசுக்கு முன்னாடியே பாருங்க, பிறகு பிரீமியம் எகிறிடும்.

தகுதி இருக்கிறவங்க விட்டுடாதீங்க. அட்டையில சேர்த்த பிறகு, திட்டத்துல வர்ற சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியாப் பணம் கேட்கக் கூடாது. கேட்டா, கட்டறதுக்கு முன்னாடி 1800 425 3993-க்குப் போன் பண்ணுங்க. "அப்ரூவல் வரல"ன்னா எழுத்துல வாங்குங்க. கட்டித்தான் ஆகணும்னா ரசீது இல்லாம ஒரு ரூபாயும் வேண்டாம்.