துப்பாக்கி குறியீடு இல்லை, அண்ணே

சித்தியவானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் மாதம் ஒருமுறை கூடுவோம். ஏழெட்டுப் பேர். போன மாதம் என் கதையை வாசித்தேன். அவசரகாலத்தில், பேராக் காட்டுக்குள் ஒரு தமிழ் இளைஞன். கையில் ஒரு பிஸ்டல். தோட்டா தீர்ந்துபோனதால், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து மறுபடி மருந்து நிரப்புகிறார்கள். சண்டை வருகிறது. முதல் தோட்டா வெடிக்கிறது. இரண்டாவதைச் சுட முடியவில்லை. வெற்றுக் கூடு வெளியே விழாமல் பாதியில் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான் கதை.

வாசித்து முடித்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இந்த ஸ்பிரிங்கு, குழலு எல்லாத்தையும் வெட்டிடு. வாசகனுக்கு எதுக்கு இன்ஜினியரிங் பாடம்? துப்பாக்கிங்கிறது ஒரு குறியீடு. அதிகாரம், விடுதலை, கோபம். அது போதும்." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்த நாட்டில் லைசன்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றம். நான் தொட்டது வால்வு ஸ்பிரிங்குகளை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து, பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு ஸ்பிரிங் பொய் சொல்லாது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவுதான் அமுங்கும்.

தானியங்கிப் பிஸ்டல் முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மருந்து எரியும்போது குண்டு குழல் வழியாக முன்னே போகிறது. அதே விசையில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னே வருகிறது. வரும்போது வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, ஒரு ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அந்த ஸ்பிரிங் விரிந்து ஸ்லைடை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறுகிறது. தொழிற்சாலைத் தோட்டாவின் பலத்தை வைத்துத்தான் ஸ்பிரிங்கின் பலம் முடிவாகிறது. மருந்து குறைந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே வராது. கூடு வாயில் சிக்கும். மருந்து கூடினால் ஸ்லைடு வந்து சட்டத்தை அறையும். அறைந்து அறைந்து இரும்பில் விரிசல் விடும்.

அமெரிக்காவில் கையால் தோட்டா நிரப்புவது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. அவர்கள் தோட்டாவை மாற்றினால் ஸ்பிரிங்கையும் மாற்றுகிறார்கள். 45 காலிபர் 1911 பிஸ்டலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. மெதுவான தோட்டா சுடுகிறவர் அதைவிட இளகியதைப் போடுவார், வேகமானதைச் சுடுகிறவர் இறுகியதை. குழலும் அப்படித்தான். க்ளாக் பிஸ்டல்களின் பழைய தலைமுறைக் குழலுக்குள் கூரான வரிகள் கிடையாது. வழவழப்பான பலகோண வடிவம். அதில் செம்பு உறை இல்லாத வெறும் ஈயக் குண்டைச் சுடவேண்டாம் என்பது எச்சரிக்கை. ஈயம் உள்ளே ஒட்டிக்கொண்டே போனால் வழி குறுகும், அழுத்தம் ஏறும். அதனால், வீட்டில் ஈயம் வார்க்கிறவர்கள் பழைய பாணி வரி வெட்டிய மாற்றுக் குழல் வாங்கிப் போடுகிறார்கள். குழல், ஸ்பிரிங், மருந்து மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கேள்வி கேட்கும்.

என் கதாநாயகனிடம் மாற்று ஸ்பிரிங் இல்லை. அளந்து போடத் தராசு இல்லை. காட்டு ஈரத்தில் நமுத்த மருந்து. அவன் சாவது கோழைத்தனத்தாலும் இல்லை, துரோகத்தாலும் இல்லை. கொஞ்சம் மருந்து குறைந்ததால் சாகிறான். இதை வெட்டிவிட்டால் கதையில் என்ன மிச்சம்? ஓர் இளைஞன், ஒரு துப்பாக்கி, ஒரு சிவந்த வானம். அந்தக் கதையை நாம் ஏற்கெனவே நூறு தடவை படித்தாயிற்று.

நான் வாசித்த நம் கதைகள் பலவற்றில் துப்பாக்கி வந்தால், அது ரிவால்வரா பிஸ்டலா என்பதுகூடத் தெரியாது. ஒரு பக்கத்தில் உருளை சுழலும், அடுத்த பக்கத்தில் மேகசின் கழலும். ரிவால்வரில் உருளையைச் சுழற்றுவது விரலின் பலம்தான், தோட்டாவின் பலம் இல்லை. பலவீனமான தோட்டா அதை நிறுத்தாது. ஆனால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அதாவது எந்தத் துப்பாக்கி என்பதைப் பொறுத்து, அவன் சாகிற விதமே மாறுகிறது. இதை ஆசிரியருக்குத் தெரியாமல் எப்படி எழுதுவது?

"சரி, இது தொழில்நுட்பம், இதில் இலக்கியம் எங்கே?" என்று கேட்பீர்கள். அதற்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகச் சொல்லி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்தியாவின் வேண்டுகோள்கூட எடுபடவில்லை. கணபதியைப் பற்றி மேடையில் பேசாத ஆள் இல்லை. தியாகி, சிங்கம், தீப்பொறி. எல்லாம் பெரிய வார்த்தைகள்.

அதே காலத்தில் ஜொகூரில் பிடிபட்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டு: துப்பாக்கி ஒன்று, தோட்டாக்கள் இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை. துப்பாக்கிக்கு மறுவிசாரணை. அதில் மரண தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுவிசாரணையில் அவருக்கு எதிராக வைத்தது அவருடையதென்று சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலம். அதில் துப்பாக்கியும் இருந்தது, தோட்டாவும் இருந்தது. தோட்டா விஷயத்தில் அவர் நிரபராதி என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. அப்படியென்றால் அந்த வாக்குமூலத்தின் ஒரு பாதியைச் சட்டம் ஏற்கவில்லை. இதை அசெஸர்களிடம் சொல்லாமல் முழு வாக்குமூலத்தையும் எப்படிக் காட்டலாம்? 1950-இல் தண்டனை ரத்தானது. இன்றும் பல நாட்டுச் சட்ட மாணவர்கள் சாம்பசிவத்தின் பெயரில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த வக்கீல்கள் "ஆயுதம் ஒரு குறியீடு" என்று வாதாடியிருந்தால்? துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததால்தான் ஒரு தமிழரின் கழுத்திலிருந்து கயிறு இறங்கியது. போராட்டங்கள், தந்திகள், மனுக்கள் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை கணபதிக்கும் இருந்தன.

அந்த அளவுக்கு ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையைத்தான் நான் இலக்கியத்திடம் கேட்கிறேன். கையேடு எழுதச் சொல்லவில்லை. எத்தனை கிரெயின் மருந்து என்று யாரும் கதையில் எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை. ரப்பர் மரத்தை எழுதும்போது நாம் இப்படி ஏமாற்றுவதில்லையே. பால்வெட்டுக் கத்தி எந்தக் கோணத்தில் இறங்கும், மழை பெய்தால் மங்கில் என்ன ஆகும் என்று நம் முன்னோடிகள் எழுதினார்கள். மரத்தை நாம் தொட்டோம், அதனால் எழுத முடிந்தது. தொடாத பொருள் என்றால் உடனே குறியீடு ஆக்கிவிடுகிறோம். தெரியாததை மறைக்க நமக்குக் கிடைத்த நல்ல போர்வை அது.

இத்தனைக்கும் இது நம் ஊர் விஷயம். சின் பெங் பிறந்தது சித்தியவானில். அவர் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். 1943 மே மாதம் ஜான் டேவிஸ் நீர்மூழ்கியில் வந்து இறங்கியது இதே பேராக் கரையில். ஆயுதக் கதையின் ஒரு முனை நம் வாசலில் கிடக்கிறது. நாம் வானத்தைப் பார்த்துக் கவிதை எழுதுகிறோம்.

ஆயர் தாவார் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர் என் பாட்டி. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். "துப்பாக்கியெல்லாம் யாருடா கிட்டப் போய்ப் பாத்தா? கேட்டுல நிறுத்தி அம்மாவோட தூக்குச் சட்டியைத் தொறப்பான். சோத்துக்குள்ள குச்சிய விட்டுக் கிளறுவான். அப்புறம் அதையேதான் நாங்க தின்னோம்" என்றார். அவர் எதையும் குறியீடு ஆக்கவில்லை.

அண்ணே, கதையில் ஒரு வரியும் வெட்டவில்லை. அடுத்த மாதம் அதே மேசையில் மறுபடி வாசிப்பேன். அந்தச் சோற்றுச் சட்டியையும் சேர்த்திருக்கிறேன்.