கண்ணாடித் தொட்டியில் பெருமட்டி வளர்ப்பு

பெருமட்டி என்னும் கடற்சிப்பியை வீட்டில் உப்பு ஜலத் தொட்டியிலிட்டு வளர்க்கும் வழக்கம் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய தேசங்களில் வெகுவாகப் பரவியிருக்கின்றது. நீலமும் பச்சையும் பொன்னிறமும் கலந்த அதன் சதைமடலின் அழகே இதற்குக் காரணமாம். ஆயினும் கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய இப்பிராணி தொட்டிகளிற் பெரும்பாலும் அற்பாயுளில் மாள்கின்றது. வளர்ப்போரிடம் அக்கறை இல்லையென்று கூறுவதற்கில்லை. அதனைக் கால்நடை போலப் பாவிப்பதே பிழை. உண்மையில் அது பாதி பயிர்.

அதன் சதைமடலினுள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு ஆக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி மட்டிக்கு ஆகாரமாகின்றது. மட்டியின் கழிவாகிய அம்மோனியா அப்பாசிகளுக்கு எருவாகின்றது. நிழலில் நாற்றை நட்டுவிட்டு எருவை மேன்மேலும் கொட்டும் குடியானவன் எவ்வூரிலும் இரான். தொட்டி வைப்போரோ விளக்கிற் சிக்கனம் செய்து, அக்குறையை இரைப்பொடியால் ஈடு செய்ய முயலுகின்றனர். எஞ்சிய பொடி அழுகி ஜலம் கெடுகின்றது. டெராசா என்னும் வகை நடுத்தர ஒளியிலும் பிழைக்கும். மாக்சிமா, குரோசியா ஆகியவற்றிற்குக் கடும் ஒளி இன்றியமையாதது. எனினும் புதிதாக வந்த மட்டியை முதல் நாளே முழு ஒளியில் வைத்தல் கூடாது. சில வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஜலத்தில் நைட்ரேட் அறவே இருத்தலாகாது என்னும் கொள்கையும் இதற்குப் பொருந்தாது. சிறிதளவு இருப்பின் பாசிகள் அதனை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஓடு முழுவதும் அதனாலாயதே. லிட்டர் ஒன்றுக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்ஷியம் இருத்தல் நலம். வளரும் மட்டி அதனை விரைந்து உறிஞ்சுமாதலின் வாரந்தோறும் சோதித்தல் அவசியம். உப்பு, ஜலத்தின் 1,000 பங்கிற்கு 35 பங்கும், உஷ்ணம் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடும் போதுமானவை.

மட்டி கல்லைப் பற்றியிருக்கும் நார்க்கற்றையைப் பிடுங்குவோர் அதன் உயிரையே பிடுங்குபவராவர். இடம் மாற்ற வேண்டின் நாரைக் கூரிய கத்தியால் கல்லையொட்டி அறுத்தல் வேண்டும். மீன்களின் நோய்க்கிடும் செம்புச் சத்து கலந்த மருந்து மட்டிக்கு நஞ்சு. அரிசி மணியளவுள்ள ஒருவகை நத்தை இரவில் வெளிப்பட்டு ஓட்டின் விளிம்பிலிருந்து சாற்றை உறிஞ்சும். புதிய மட்டியைத் தனித்தொட்டியில் வைத்து இரவில் விளக்கொளியிற் பார்த்து, அந்நத்தைகளைப் பொறுக்கி, ஓட்டைத் தூரிகையால் தேய்த்துவிட்டால் இப்பீடை ஒழியும். சதைமடல் உள்வாங்கி, ஜலம் புகும் வாய் அகன்று பிளந்து நின்றால் நிலைமை அபாயகரமென்று அறியலாம்.

இனி, மட்டி எங்கிருந்து வந்தது என்னும் வினா. பசிபிக் சமுத்திரத்துப் பலாவுத் தீவுகளில் 1970-களில் நிறுவப்பெற்ற பண்ணையில் டெராசா மட்டியை முட்டையிலிருந்து வளர்க்கும் முறை தேர்ச்சி பெற்றது. கரையிலுள்ள தொட்டிகளே அதற்கு நாற்றங்கால். ஓரளவு வளர்ந்தபின் கூண்டுகளிலிட்டுக் கடலில் விடுவர். இங்ஙனம் வளர்த்தவை கிடைக்கும்பொழுது பவளப்பாறைகளிலிருந்து பெயர்த்தெடுத்ததை வாங்குவது நியாயமாகாது. விற்பனைக்குரிய பருவம் அடையச் சில ஆண்டுகள் செல்லுமாதலின் பண்ணை மட்டியின் விலை சற்று மிகுதல் இயல்பே. பெருமட்டி இனம் முழுவதும் 1985-லிருந்து சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கின்றது. இந்தியாவிலோ, இலட்சத்தீவு, அந்தமான் கடல்களில் வாழும் மாக்சிமா, ஸ்குவாமோசா வகைகள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கரைக்கு வரும் படகுகளில் உயிருள்ள மட்டியோ, அலங்காரத்திற்கென அதன் ஓடோ காணப்படின், கடலோரக் கிராம அதிகாரிகள் தாமதமின்றி வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும்.