சவூதி நிரந்தர இகாமா: உழைப்பாளிக்கு எட்டாக்கனி

2019-இல் சவூதி அரசு அறிமுகப்படுத்திய 'பிரீமியம் இகாமா' பற்றிச் சகோதரர்கள் பலர் விசாரிக்கின்றனர். கஃபீல் தேவையில்லை, குடும்பத்துடன் தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காலவரம்பற்ற இகாமாவுக்குக் கட்டணம் 8 லட்சம் ரியால். மாதம் 2,000 ரியால் வாங்குபவர் ஒரு ரியாலும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 33 ஆண்டுகளுக்கு மேலாகும். நிதிநிலைச் சான்று, குற்றப் பின்னணியின்மைச் சான்று, மருத்துவ அறிக்கையும் வேண்டும். இவ்வளவு கொடுத்தும் கிடைப்பது குடியுரிமை அல்ல.

2024-இல் வந்த புதிய பிரிவுகளுக்குக் கட்டணம் 4,000 ரியால்தான். ஆனால் அவை சிறப்புத் திறனாளர், முதலீட்டாளர், 40 லட்சம் ரியால் சொத்துடையோர் போன்றோருக்கானவை.

ஆக, அங்கே உழைத்த ஆண்டுகள் மட்டும் தங்கும் உரிமையாக மாறுவதில்லை. குறுக்குவழி காட்டும் ஏஜெண்டுகளிடம் பணத்தை இழக்க வேண்டாம். ஊர் திரும்பும் நாளுக்கென்று முதல் மாதச் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்குவோம்.