குடியை விட்டவன் எந்த வீட்டுக்குத் திரும்புவது?

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து, குடியை நிறுத்தி, தெளிந்த கண்ணோடு வெளியே வருகிறான் தொழிலாளி. எங்கே போவான்? அதே லைன் வீடு. அதே வட்டிக்காரன். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அதே டாஸ்மாக் கடை. இரண்டு மாதத்தில் மறுபடி விழுந்தால், "இவன் திருந்தமாட்டான்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இந்தத் தீர்ப்பு அநியாயமானது.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும். அது சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் ஆசை அடங்க மாதக்கணக்காகும். கூலி கையில் விழும் சனிக்கிழமை மாலையும், வேலையில்லாத நாளும், கடன்காரன் வாசலில் நிற்பதும் அதைக் கிளறிக்கொண்டேயிருக்கும். ஆகவே, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே சில மாதங்கள் தங்கி, பகலில் வேலைக்குப் போய், இரவில் குடியை விட்ட நாலு பேரோடு சேர்ந்து உண்டு உறங்க ஓர் இடைக்கால இல்லம் வேண்டும் என்கிறோம்.

தூத்துக்குடியைப் பாருங்கள். ஐப்பசி மழை இறங்கினால் உப்பளத்தில் தை மாதம் வரை வேலை இல்லை. சங்கு குளிப்பவனுக்குக் கடல் கலங்கினால் அடுப்பு எரியாது. (முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. முத்தைப் பாடிய புலவர்கள், குளித்தவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்கவில்லை.) ஹார்பரில் ஒப்பந்தக் கூலிக்குக் கப்பல் இருந்தால் ராத்திரியும் பகலும் வேலை, இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. முதுகு வலிக்கு ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பிக்கிறான். பிறகு அதுவே வலியாகிவிடுகிறது.

சர்க்கார் என்ன செய்கிறது? 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023-24இல் மதுவால் கஜானாவுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வைத்தியமோ? 2019இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட, டில்லி எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பைப் பாருங்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்!

கடைகளை மூடிவிட்டால் போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கடைகளை மூடும் போராட்டத்தில் நாம் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் செத்தார்களே! கடை மூடினாலும் நோயாளி நோயாளிதான். அவனுக்கு வைத்தியமும் வேண்டும், தங்க இடமும் வேண்டும்.

நாம் கேட்பது பிச்சையல்ல. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் மது, போதையால் வரும் மனநோயையும் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தகைய இல்லங்களைச் சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95ஆம் பிரிவு சொல்கிறது. 'மறுவாழ்வு மையம்' என்று போர்டு மாட்டி, குடும்பத்திடம் பணம் பிடுங்கி, உள்ளே அடித்து உதைக்கும் இடங்கள் நமக்கு வேண்டாம். பூட்டிய கதவுக்குள் எவனும் குணமாவதில்லை.

அப்படியானால் யார் நடத்துவது? அமெரிக்காவில், மேரிலாந்து ராஜ்யத்தில், 1975இல் பணமில்லை என்று இப்படிப்பட்ட ஓர் இல்லத்தை மூடப்போனார்கள். உள்ளே இருந்தவர்களே வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு அதை நடத்த ஆரம்பித்தார்கள். பொறுப்பாளர்களைத் தாங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபடி குடித்தவன் வெளியேற வேண்டும். மற்றபடி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். 'ஆக்ஸ்போர்டு இல்லம்' என்ற பெயரில் இன்று அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இதைச் செய்திருக்கிறார்கள்!

நம் நாட்டிலும் வழி தெரியாமலில்லை. சென்னையில் 1980இல் ஆரம்பித்த டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரர்கள், 1989இல் தஞ்சை மண்ணில் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டு, விவசாயிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் அங்கேயே தங்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். ஊராரும் குடும்பத்தாரும் கூட நின்றார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். நாற்று நடுகிறவன் பட்டணத்துக்குப் பஸ் ஏற முடியாது என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது.

1908இல் கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய ஊருக்கு எட்டுப் பேர் தங்கும் ஒரு வீட்டை நடத்தத் தெரியாதா? டாக்டரையும் மருந்தையும் சர்க்கார் ஆஸ்பத்திரி தரட்டும். வாடகை மதுவின் வருமானத்திலிருந்து வரட்டும். கணக்கும் சமையலும் உள்ளே இருப்பவர்கள் கையில் இருக்கட்டும். கூலியில் வீட்டுக்குப் போகவேண்டிய பங்கு நேராக மனைவி கைக்குப் போகட்டும். இத்தனை நாள் புருஷனுக்குக் காவல்காரியாக இருந்தவள் சில மாதமாவது நிம்மதியாகத் தூங்குவாள்.

சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சிகிச்சைக்குப் போனவனின் பெயரை மேஸ்திரியும் கங்காணியும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தவனைக் 'குடிகாரன்' என்று சங்கத்துக்குள்ளேயே கேலி செய்யும் வழக்கம் ஒழியவேண்டும். மழைக்காலம் வருமுன் உப்பளச் சங்கமும் ஹார்பர் சங்கமும் மில் சங்கமும் தங்கள் கமிட்டிக் கூட்டங்களில் இதை எடுத்துப் பேசி, கலெக்டருக்குக் கூட்டாக மனுக் கொடுக்கட்டும்.