மதிப்பும் எண்ணும்

ஸ்பெயின் நாட்டு மக்கள் பெரிதும் விரும்பிக் காணும் விளையாட்டுகளுள் கூடைப்பந்தும் ஒன்று. அந்நாட்டின் முதல்நிலைத் தொழில்முறைத் தொடரை ஏ.சி.பி. என்னும் கழகங்களின் கூட்டமைப்பு 1983ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, வலென்சியா, பாஸ்கோனியா முதலிய புகழ்பெற்ற அணிகள் அதில் ஆடுகின்றன. பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஆட்டம் முடிந்தவுடன் ஒரு பட்டியல் வெளியாகும். வீரர் ஒருவருக்கு ஒரு வரி வீதம், அவர் களத்தில் நின்ற நேரம், எடுத்த புள்ளிகள், எறிந்தவை எத்தனை, கூடையில் விழுந்தவை எத்தனை, கைப்பற்றிய பந்துகள் எத்தனை, இழந்தவை எத்தனை என அனைத்தும் அதில் இடம்பெறும்.

அப்பட்டியலில் 'வலோரசியோன்' என்றொரு பத்தியும் உண்டு. மதிப்பீடு என்பது அதன் பொருள். ஏ.சி.பி. அமைப்பு 1991இல் உருவாக்கிய இம்முறையைப் பின்னர் ஐரோப்பாவின் பெருந்தொடரான யூரோலீகும் ஏற்றுக்கொண்டது. வீரர் செய்த நன்மைகளைக் கூட்டி, தீமைகளைக் கழித்தால் கிடைப்பதே இவ்வெண். புள்ளிகள், திரும்பி வரும் பந்தைக் கைப்பற்றுதல், தோழர் புள்ளி எடுக்கத் துணைபுரியும் கைமாற்று, பந்தைப் பறித்தல், எதிரியின் எறிதலைத் தடுத்தல், எதிரியால் விதிமீறலுக்கு ஆளாதல் ஆகியவை கூட்டப்படும். குறி தவறிய எறிதல்கள், இழந்த பந்துகள், எதிரியால் தடுக்கப்பட்ட எறிதல்கள், தான் செய்த விதிமீறல்கள் ஆகியவை கழிக்கப்படும்.

இம்முறையால் ஒரு பெரும்பயன் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாமவர் 20 புள்ளிகள் எடுக்கிறார். ஆனால், 11 எறிதல்களைத் தவறவிடுகிறார். 4 முறை பந்தை இழக்கிறார். 3 விதிமீறல்கள் செய்கிறார். 3 பந்துகளைக் கைப்பற்றி, 1 கைமாற்றுச் செய்து, 3 முறை எதிரியின் விதிமீறலுக்கு ஆளாகிறார். கூட்டுத்தொகை 27, கழிவு 18, மதிப்பீடு 9. இரண்டாமவர் எடுத்தவை 8 புள்ளிகளே. எனினும் 7 பந்துகளைக் கைப்பற்றி, 6 கைமாற்றுகள் செய்து, 2 பந்துகளைப் பறித்து, 2 முறை விதிமீறலுக்கு ஆளாகிறார். ஓர் எறிதலே தவறுகிறது. ஒரு முறை பந்தை இழந்து, 2 விதிமீறல்கள் செய்கிறார். கூட்டுத்தொகை 25, கழிவு 4, மதிப்பீடு 21. கைதட்டல் முதலாமவருக்குக் கிடைத்திருக்கும். பட்டியலோ இரண்டாமவரின் உழைப்பை எடுத்துக்காட்டுகிறது. நம் கண் பந்தின் பின்னேயே ஓடும் இயல்புடையது. ஆகவே, கண்ணால் கண்டதே போதும், கணக்கு வேண்டா என்பாரின் கூற்றை ஏற்பதற்கில்லை.

அதனால் அவ்வோர் எண்ணே வீரரின் தகுதியைத் தீர்மானிக்கும் என்பதையும் ஏற்பதற்கில்லை. அதன் குறைகளைக் கணக்கைக் கொண்டே காட்டலாம். ஒருவர் இரண்டு புள்ளிக்குரிய எறிதல்கள் மூன்றில் ஒன்றை மட்டும் கூடையில் இடுகிறார் எனக் கொள்வோம். பெற்றது 2, தவறியவற்றுக்காகக் கழிவது 2, மதிப்பீட்டில் அவருக்கு நட்டமில்லை. அணியோ மூன்று வாய்ப்புகளைச் செலவிட்டு இரண்டே புள்ளிகளைப் பெற்றிருக்கிறது! பல முறை எறிபவர்க்கு இக்கணக்கு இரக்கம் காட்டுகிறது எனலாம்.

மேலும், எழுதப்படாத உழைப்பும் உண்டு. எதிரணியின் சிறந்த வீரரை நிழல்போல் தொடர்ந்து, அவரைக் கடினமான இடத்திலிருந்தே எறியச் செய்பவர் ஒருவர். அவ்வெறிதல் தவறினால், அது எறிந்தவரின் வரியில் குறையாகப் பதியும்; காத்தவரின் வரியில் ஒன்றும் ஏறாது. தோழருக்கு வழி உண்டாகும்படி எதிரியின் பாதையில் அசையாமல் நிற்பவருக்கும் இதே நிலைதான். ஒரு வீரர் களத்தில் இருந்தபோது அணி முந்தியதா, பிந்தியதா என்று காட்டும் தனிப்பத்தி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால், அதுவும் உடன் ஆடிய நால்வரின் உழைப்போடு கலந்த எண்ணே ஆகும்.

நடந்ததைக் கூறும் பட்டியல், நடக்கவிருப்பதைக் கூறாது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ரியல் மாட்ரிட் அணிக்காக ஏ.சி.பி. தொடரில் முதன்முறையாகக் களமிறங்கிய லூகா டோன்சிச்சுக்கு அப்போது வயது 16. ஸ்லோவேனியா நாட்டிலிருந்து வந்த அவர் அன்று ஆடியது இரண்டு நிமிடத்திற்கும் குறைவே. முதல் எறிதலிலேயே மூன்று புள்ளிகள் பெற்றார். அப்பட்டியலில் அவருடையது மிகச் சிறிய வரி. அவரே 2018இல் ஸ்பானியத் தொடரிலும் யூரோலீகிலும் மிகச் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். அன்றைய வரியை மட்டும் கண்டு அவரை எடைபோட்டிருந்தால் எத்தகைய பிழை நேர்ந்திருக்கும்!

எனவே, பட்டியலைச் சான்றாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதே நம் கருத்து. ஓர் எண்ணைக் கண்டால், எவற்றைக் கூட்டினர், எவற்றைக் கழித்தனர், எவற்றை எண்ணாமலே விட்டனர் என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒற்றைப் பத்தியோடு நில்லாமல் வரி முழுவதையும், அதன்பின் அணியின் மொத்த வரியையும் படித்தல் வேண்டும்.

மாணவர்களாகிய நமக்கும் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. அதில் உள்ளதைத் தமிழில் மதிப்பெண் என்கிறோம். அச்சொல்லில் மதிப்பும் எண்ணும் சேர்ந்தே நிற்கின்றன. எனினும் அவை இரண்டும் ஒன்றல்ல. எண்ணை மறைக்காமல் ஏற்போம். அதனைக் கொண்டு நம்மைத் திருத்திக்கொள்வோம். ஆனால், நம் மதிப்பையோ பிறர் மதிப்பையோ அவ்வோர் எண்ணுக்குள் அடைத்துவிடாதிருப்போம்.