வம்ச விருட்சத்தில் பெண்களுக்கு இடமில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சார்ட் வந்தது. ஏழு தலைமுறை வம்ச விருட்சம். தம்பி மகன் ஆறு மாதம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தயாரித்தது. உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் என் தம்பிகள் மூன்று பேரும் இருக்கிறார்கள், நான் இல்லை. கேட்டால், "அத்தை, நீங்கதான் வேற வீட்டுக்குப் போயிட்டீங்களே" என்கிறான்.

முப்பத்து நான்கு வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டால் சும்மா இருப்பேனா?

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அப்பா அம்மா 2 பேர். இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகள் 4 பேர். அதற்கு மேல் 8, 16, 32. உன்னையும் சேர்த்து எண்ணினால் ஏழாவது தலைமுறையில் 64 பேர். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுகிற ஊரில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார், எண்ணிக்கை குறையும். அப்படியே குறைந்தாலும் ஒன்று ஆகிவிடுமா? உன் சார்ட்டில் உச்சியில் ஒரே ஓர் ஆண்தான் நிற்கிறார். மற்றவர்கள் எங்கே?

அந்த ஒருவரும் பாளையக்காரரிடம் தளபதியாம்! ஆதாரம் கேட்டால் "பெரியவங்க சொன்னது". எல்லார் வீட்டு முப்பாட்டனும் தளபதி என்றால் நாற்று நட்டது யார், மாடு மேய்த்தது யார்? வேர் தேடுகிறேன் என்று கிளம்பி சாதிப் பெருமையில் போய் நிற்பதற்கு ஒரு பொழுதுபோக்கு தேவையா?

பிறந்த தேதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நம்பி எழுதாதீர்கள். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்ததாக எழுதியது எங்களைப் போன்ற வாத்தியார்கள்தான்.

1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. நிலத்தை விற்கும்போது மட்டும் "அத்தை, ஒரு கையெழுத்து" என்று வீடு தேடி வருகிறீர்கள். பத்திரத்துக்கு வேண்டிய பெயர் சார்ட்டுக்கு வேண்டாமா?

கோபத்தோடு நானும் ஒரு தாளை எடுத்து அம்மா வழியை எழுத உட்கார்ந்தேன். அம்மா, அம்மாவின் அம்மா, அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எண்பத்தெட்டு வயதுச் சின்னப் பாட்டிக்குப் போன் போட்டேன். பெயரைச் சொன்னார். பிறந்த ஊரையும் சொன்னார். "இத்தனை வருஷத்துல எங்கம்மா பேரை யாருமே கேக்கலடி" என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆர்வத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் வீட்டிலிருக்கும் வயதான பெண்களிடம் போய் உட்காருங்கள். பிறந்த ஊர், கூடப் பிறந்தவர்கள், இறந்துபோன குழந்தைகள் எல்லாவற்றையும் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கிரயப் பத்திரம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். பதிவேடுகள் எங்கும் ஓடிவிடாது. பாட்டிகள் காத்திருக்க மாட்டார்கள்.

தம்பி மகனே, சின்னப் பாட்டி சொன்ன அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சார்ட்டில் இடம் விட்டுவிட்டு வா, சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்